உடம்புக்கு ஏற்ற வண்டி

நம் பேட்டையும் வண்டியும்

பெங்களூரில் கண்டோன்மெண்ட் என்று ஒரு பகுதி. பழைய ஆட்கள் அதைத் தண்டு என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர் படை தங்குவதற்காக 1809-ஆம் ஆண்டு வாக்கில் இது உண்டானது. படைக்கு வேலை செய்யத் தமிழ்க் குடும்பங்கள் பல வந்தன. இங்கேயே தங்கிவிட்டன.

ரிச்சர்ட்ஸ் டவுன் இந்தத் தண்டுப் பக்கத்தில் உள்ளது. இதைச் சுற்றிப் பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் இருக்கின்றன. ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சுற்றி மரங்கள் அடர்ந்த தெருக்கள். இந்தத் தெருக்களில் வீட்டு வேலை, குழாய் வேலை, தச்சு வேலை, வயரிங் வேலை செய்கிறவர்கள் காலையிலேயே வண்டியில் கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் சைக்கிள் இருந்தாலே பெருமை. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 1980-இல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 வந்தது.

இந்த வண்டிகளை வாலிபத்தில் வாங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. வண்டி அதே எடையில் இருக்கிறது. உடம்பு மாறிவிட்டது. வயதான பிறகும் வண்டி ஓட்டித்தான் பிழைக்க வேண்டும் என்றால் எந்த வண்டி நல்லது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

சிக்னலில் நடந்தது

ரிச்சர்ட்ஸ் டவுனில் குழாய் வேலை செய்யும் ஒரு பெரியவர். வயது 62. அவரிடம் ஒரு பழைய புல்லட். முப்பது வருடம் அதில்தான் வேலைக்குப் போனார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் அதில்தான். மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்ததும் அதில்தான்.

ஒரு நாள் லிங்கராஜபுரம் பக்கம் வேலை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டியை நிறுத்தினார். இடது காலை ஊன்றினார். அந்த இடத்தில் தரை கொஞ்சம் பள்ளம். கால் எட்டவில்லை. பின்னால் கட்டிய கருவிப் பை ஒரு பக்கம் இழுத்தது. வண்டி சாய்ந்தது. பிடித்துப் பார்த்தார். முட்டி மடங்கியது. வண்டியோடு கீழே விழுந்தார்.

யாரும் இடிக்கவில்லை. வேகமும் இல்லை. நின்ற இடத்திலேயே விழுந்தார். அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். கால் தோல் சிராய்ந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் பேச்சு நடந்தது.

மகன் சொன்னான்: "அப்பா, போதும்பா. இனிமே வண்டியே வேணாம். ஆட்டோவுல போங்க."

பெரியவருக்குக் கோபம் வந்தது. "ஒரு நாளைக்கு நாலு வீடு போறேன். நாலு வீட்டுக்கும் ஆட்டோ வச்சா கூலியில என்னடா மிஞ்சும்? பைப்பையும் ரிஞ்சையும் தோள்ல தூக்கிட்டு பஸ் ஏறவா?"

மனைவி மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, வண்டி வேணாம்னு நான் சொல்லல. இந்த வண்டி வேணாம்னு சொல்றேன்."

அந்த அம்மாள் சொன்னதுதான் சரியான பேச்சு. கீழே விழுந்தால் உடனே வண்டியையே விட வேண்டும் என்பதில்லை. பிடிவாதமாக அதே வண்டியில் போவதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. வண்டியை மாற்றலாம்.

உடம்பில் என்ன மாறுகிறது?

வயது ஏற ஏற உடம்பில் சில மாற்றங்கள் வருகின்றன. இது நோய் இல்லை. எல்லோருக்கும் வருவது.

முட்டி: வெகுநேரம் மடக்கி வைத்தால் வலிக்கும். கிக்கரை உதைத்தால் வலி கூடும்.

இடுப்பு: காலை உயரத் தூக்கி வண்டிமேல் போடுவது கடினமாகும்.

முதுகு: பள்ளத்தில் வண்டி விழும்போது அடி முதுகுத் தண்டுக்கு ஏறும்.

கை: கிளட்சைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப் போகும். பெங்களூர் நெரிசலில் நிமிடத்துக்கு நிமிடம் கிளட்ச் பிடிக்க வேண்டும்.

கண்: இரவில் எதிர் வெளிச்சம் கூசும். கண்ணில் புரை வளர்ந்தால் இன்னும் கூசும்.

பாதம்: நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். தரையைத் தொட்டோமா, பிரேக்கை மிதித்தோமா என்பது சரியாகத் தெரியாது.

எல்லோருக்கும் எல்லாம் வராது. ஒருவருக்கு முட்டி வலி. இன்னொருவருக்கு முதுகு வலி. அதனால் எல்லோருக்கும் ஏற்ற ஒரே வண்டி என்று எதுவும் இல்லை. முதலில் நம் உடம்பில் எங்கே வலி என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும்

பெரியவர் தன் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் இளவயதுக்காரர்.

"அண்ணே, புல்லட் ஓடும்போது உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்.

"ஓடும்போது ஒண்ணும் இல்ல தம்பி. ராஜா மாதிரி இருக்கும்."

"எப்போ கஷ்டம்?"

பெரியவர் யோசித்தார். "நிறுத்தும்போது. ஸ்டாண்டு போடும்போது. பின்னால தள்ளும்போது. உதைக்கும்போது."

"அதான் அண்ணே. ஓடுற வண்டி தானா நிக்கும். நிக்கிற வண்டியை நாமதான் தாங்கணும்."

இது முக்கியமான விஷயம். ஓடும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். நின்றவுடன் அதன் எடை முழுவதும் நம் காலுக்கும் கைக்கும் வருகிறது. நேராக நிற்கும் வண்டியை ஒரு விரலால்கூடப் பிடிக்கலாம். கொஞ்சம் சாய்ந்தால் ஒரு கை வேண்டும். இன்னும் சாய்ந்தால் இரண்டு கையும் போதாது. சாயச் சாயப் பாரம் கூடிக்கொண்டே போகும்.

அதனால் வண்டி வாங்கும்போது, எவ்வளவு வேகம் போகும் என்று மட்டும் கேட்காதீர்கள். என்னால் இதை நிறுத்திப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள்.

எச்சரிக்கை: வண்டி பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முதுகு பிடித்துக்கொள்ளும். காலை விலக்கிக்கொண்டு ஒதுங்குங்கள். வண்டி கீறினால் சரி செய்யலாம். விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்காதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

எடையைப் படிப்போம்

வண்டிக் கடையில் ஒரு தாள் தருவார்கள். அதில் வண்டியின் விவரம் இருக்கும். எழுத்து ஆங்கிலமாகவோ கன்னடமாகவோ இருக்கலாம். பயப்பட வேண்டாம். எண்கள் எல்லாத் தாளிலும் ஒன்றுதான். ஆங்கில எழுத்து கே, ஜி இரண்டும் சேர்ந்து இருந்தால் அது கிலோ. எம், எம் என்று இருந்தால் அது மில்லிமீட்டர். உங்களுக்குத் தெரியாவிட்டால் கடைக்காரரை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சில வண்டிகளின் எடை இதோ. மாடலுக்கு மாடல் ஓரிரு கிலோ கூடலாம், குறையலாம்.

புல்லட் 350 (புதியது): 195 கிலோ
மீட்டியோர் 350: 191 கிலோ
அவெஞ்சர் 220: 163 கிலோ
ஸ்ப்ளெண்டர் பிளஸ்: 112 கிலோ
ஆக்டிவா 110 ஸ்கூட்டர்: 106 கிலோ
டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100: 89 கிலோ

ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. புல்லட் ஏறத்தாழ நாலு மூட்டை. ஸ்ப்ளெண்டரும் ஆக்டிவாவும் இரண்டு மூட்டைக்குச் சற்று அதிகம். எக்ஸ்.எல். இரண்டு மூட்டைகூட இல்லை.

இதோடு நம் கருவிப் பையும் சேரும். 20 கிலோ பையைப் பின்னால் உயரத்தில் கட்டினால் வண்டி சீக்கிரம் சாயும். அதே பையைக் காலடியில் தாழ்வாக வைத்தால் அவ்வளவு சாயாது. பாரம் எவ்வளவு என்பது போலவே பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

சீட்டின் உயரம்

வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். நுனிக் காலில் நிற்கும் நிலை கூடாது. மேடு பள்ளமான தெருவில் நுனிக் கால் ஏமாற்றிவிடும்.

தாளில் சீட்டின் உயரம் மில்லிமீட்டரில் இருக்கும். 10 மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமானால் ஓர் அங்குலம்.

புல்லட் 350: 805 மில்லிமீட்டர். ஏறத்தாழ 32 அங்குலம்.
ஸ்ப்ளெண்டர் பிளஸ்: 785 மில்லிமீட்டர். ஏறத்தாழ 31 அங்குலம்.
மீட்டியோர் 350: 765 மில்லிமீட்டர். ஏறத்தாழ 30 அங்குலம்.
அவெஞ்சர் 220: 737 மில்லிமீட்டர். ஏறத்தாழ 29 அங்குலம்.

எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. சீட்டு அகலமாக இருந்தால் தொடை விரியும். கால் தரைக்கு எட்டாது. சீட்டு குறுகலாக இருந்தால் உயரம் இருந்தாலும் கால் எட்டும். அதனால் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். தினமும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

எந்த வலிக்கு எந்த வண்டி?

இடுப்பு வலி, முட்டி வலி உள்ளவர்களுக்கு ஸ்கூட்டர் சுலபம். காலைத் தூக்கிப் போட வேண்டாம். நடந்து போய் உட்காரலாம். முட்டி அதிகம் மடங்காது. கியர் இல்லை. கிளட்சும் இல்லை. அதனால் விரல் வலி உள்ளவர்களுக்கும் நல்லது.

ஆனால் ஸ்கூட்டரில் ஒரு குறை உண்டு. அதன் சக்கரம் சின்னது. ஆக்டிவாவில் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10 அங்குலம். ஸ்ப்ளெண்டரில் இரண்டும் 18 அங்குலம். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டிவிடும். அதனால் முதுகு வலி உள்ளவர்கள் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பெரிய சக்கரமும் எடை குறைவும் உள்ள சாதாரண மோட்டார் சைக்கிள் ஒத்துவரலாம்.

தாழ்ந்த சீட்டு உள்ள நீள வண்டிகள் உண்டு. அவற்றில் காலை முன்னால் நீட்டி உட்காரலாம். பார்க்கச் சொகுசாகத் தெரியும். முட்டிக்கு அது நல்லதுதான். ஆனால் பாதம் முன்னால் போவதால் உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பின் அடியில் இறங்கும். பள்ளம் வரும்போது காலை ஊன்றி எழும்ப முடியாது. அடி நேராக முதுகுக்குப் போகும்.

குனிந்து ஓட்டும் வண்டி வயதானவர்களுக்கு வேண்டாம். பாரம் மணிக்கட்டில் விழும். கழுத்தும் வலிக்கும்.

மின்சார ஸ்கூட்டரும் வந்திருக்கிறது. கியர், கிளட்ச், கிக்கர் எதுவும் இல்லை. அதிர்வும் குறைவு. ஆனால் வீட்டில் சார்ஜ் போட இடம் வேண்டும். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருமகளின் வண்டி

பெரியவருக்கு வலி முட்டியிலும் இடுப்பிலும். முதுகு நன்றாக இருக்கிறது. அதனால் ஸ்கூட்டர் பாருங்கள் என்றார் மெக்கானிக்.

பெரியவருக்கு மனசு வரவில்லை. "புல்லட்டுல போனவன் ஸ்கூட்டர்ல போனா, பாக்கிறவன் என்ன சொல்லுவான்? அது பொம்பளைங்க வண்டி."

மருமகள் அதைக் கேட்டாள். அவளிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. பிரேசர் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள். அவள் கோபப்படவில்லை.

"மாமா, என் வண்டியை ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடுங்க" என்றாள்.

ஞாயிறு காலை. தெருவில் கூட்டம் இல்லை. மருமகள் கூடவே நின்றாள்.

"மாமா, ரெண்டு பிரேக்கும் கையிலதான். கால்ல ஒண்ணும் இல்ல."

பெரியவர் ஓட்டினார். ஒரு நாய் குறுக்கே வந்தது. அவர் இடது கால் தானாகக் கீழே மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. பிறகுதான் கை பிடித்தது. வண்டி நின்றது. நாய் ஓடிவிட்டது.

ஏன் அப்படி? பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பிரேக் இடது காலில். முப்பது வருடப் பழக்கம். அறிவுக்குத் தெரிந்தாலும் காலுக்குத் தெரியவில்லை. பயம் வரும்போது பழைய பழக்கம்தான் முன்னால் வரும். இப்போது வரும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். அதனால் பழைய புல்லட்டில் இருந்து புது மோட்டார் சைக்கிளுக்கு மாறினாலும் இதே ஆபத்து உண்டு.

பெரியவர் மருமகளிடம் சொன்னார்: "ஏம்மா, எனக்கு இன்னும் பழகணும்."

"பழகலாம் மாமா. நானும் கத்துக்கிட்டப்போ ரெண்டு வாரம் ஆச்சு."

நாலு ஞாயிறு பழகினார். மெதுவாகப் போவது, நிற்பது, திரும்புவது. ஒவ்வொரு முறையும் கையால் பிரேக் பிடிப்பது. நாலாவது ஞாயிறு கால் அசையவில்லை. கைதான் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பெரிய சாலைக்குப் போனார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கருவிப் பையைக் காலடியில் வைக்க முடிகிறது. பின்னால் கயிறு போட்டுக் கட்ட வேண்டாம். மாலையில் வீட்டுக்கு வந்தால் முட்டிக்குத் தைலம் தேட வேண்டியதில்லை.

தெருவில் ஒருவர் கேலி செய்தார். "என்ன அண்ணே, புல்லட் எங்கே?"

பெரியவர் சொன்னார்: "புல்லட் என் வாலிபத்துக்கு. இது என் முட்டிக்கு."

பழைய வண்டியையே சரி செய்யலாமா?

எல்லோராலும் உடனே வண்டி மாற்ற முடியாது. கையில் பணம் வேண்டும். அதுவரை இருக்கும் வண்டியிலேயே சில வேலைகள் செய்யலாம். செலவு குறைவு.

1. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். காற்று அதிகமானால் தூக்கிப் போடும். குறைந்தால் வண்டி இழுக்கும். எவ்வளவு வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

2. சீட்டின் பஞ்சு அமுங்கியிருந்தால் சீட் கவர் கடையில் புதுப் பஞ்சு போடலாம். ரொம்ப மெத்தென்று போட வேண்டாம். அமுங்கி அடித்தட்டு குத்தும். கொஞ்சம் அழுத்தமான பஞ்சு நல்லது.

3. கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள். பழைய கேபிளை மாற்றுங்கள். கை வலி பாதி குறையும்.

4. பின் ஷாக் அப்சார்பரைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருக்கும். தனியாகப் போகிறவர்கள் அதை இறுக்கமாக வைக்க வேண்டாம். மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

5. செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் பேட்டரியை நன்றாக வைத்திருங்கள். பேட்டரி போனால் காலால்தான் உதைக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கால் ஊனம் உள்ளவர்கள் பக்கத்தில் இரண்டு சக்கரம் பொருத்திக்கொள்ளலாம். அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பிரேக்கும் ஹெல்மெட்டும்

2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குப் பிரேக் விதி வந்தது. 125 சி.சி.க்கு மேல் உள்ள வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இது பார்த்துக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வசதியாவது இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதில் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். கனமான ஹெல்மெட் கழுத்தை வலிக்கச் செய்யும். போட்டுப் பார்த்து வாங்குங்கள். கர்நாடகத்தில் பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போட வேண்டும். இந்த விதி 2016 ஜனவரியில் வந்தது.

லைசென்சும் டாக்டரும்

லைசென்சில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அதை நீங்களே படியுங்கள். 2019-இல் திருத்திய சட்டப்படி கணக்கு இது.

30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும்.
30 முதல் 50 வயதுக்குள் எடுத்தால், அல்லது புதுப்பித்தால், 10 வருடம் செல்லும்.
50 முதல் 55 வயதுக்குள் என்றால் 60 வயது வரை செல்லும்.
55 வயதுக்கு மேல் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

40 வயதுக்கு மேல் டாக்டரின் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 1-ஏ என்று பெயர். தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

கியர் வண்டி லைசென்ஸ் உள்ளவர் ஸ்கூட்டர் ஓட்டலாம். ஸ்கூட்டர் லைசென்ஸ் மட்டும் உள்ளவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது.

டாக்டர் சான்றைச் சும்மா கையெழுத்து வாங்கும் காரியமாக நினைக்காதீர்கள். கண்ணை உண்மையாகவே பார்க்கச் சொல்லுங்கள். புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையில் சரியாகும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வண்டி எடுக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று குறைந்தால் கண் இருட்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்க்கும் வரை வண்டியைத் தொடாதீர்கள்.

அடிக்கடி தலை சுற்றுகிறது.
பக்கத்தில் வரும் வண்டி கண்ணில் படவில்லை.
பாதம் மரத்துக் கிடக்கிறது.
தெரிந்த வழியே மறந்து போகிறது.

இந்த நிலையில் எடை குறைந்த வண்டியும் உதவாது. நமக்கு மட்டும் ஆபத்து இல்லை. தெருவில் நடக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

பழைய வண்டியை விற்கும்போது

பெரியவர் தன் புல்லட்டை விற்றார். மனசு கனத்தது. ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவில்லை.

வண்டி விற்கும்போது படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு தாள் உண்டு. உரிமை மாறுவதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சொல்லும் தாள்கள் இவை. வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் பெயர், தேதி, வண்டி எண் எழுதிய பிறகு போடுங்கள். பெயர் மாறும் வரை அந்த வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும். அது யாரையாவது இடித்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

பழைய வண்டி வாங்கும்போது ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். அதில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் அடித்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வாங்காதீர்கள். சொந்த வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் தேதியையும் பாருங்கள்.

கடன் போட்டு வாங்கினால் கணக்குப் போடுங்கள். மாதம் 2,400 ரூபாய், 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 86,400 ரூபாய். வாங்கிய கடன் 60,000 ரூபாய் என்றால் வட்டி மட்டும் 26,400 ரூபாய். கடைக்காரர் மாதத் தொகையை மட்டும் சொல்வார். மொத்தத் தொகையை நாம்தான் கேட்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

ஆறு காரியம். இந்தத் தாளைக் கையில் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

1. வண்டியில் ஏறி இறங்குங்கள். ஐந்து முறை. இடுப்பு வலிக்கிறதா?
2. உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் ஊன்றுங்கள். குதிகால் தரையில் படுகிறதா?
3. செண்டர் ஸ்டாண்டு போடுங்கள், எடுங்கள். தனியாக முடிகிறதா?
4. உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் பத்தடி தள்ளுங்கள். மூச்சு வாங்குகிறதா?
5. ஹேண்டில் பாரைப் பிடியுங்கள். முதுகு நேராக இருக்கிறதா? முழங்கை லேசாக மடங்குகிறதா?
6. கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு சுற்று மட்டும் போதாது. வலி உடனே தெரியாது.

கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள். பணம் நம்முடையது. முட்டியும் நம்முடையது.

பயிற்சி

அ. கணக்குப் போடுங்கள்

1. ஆக்டிவா 106 கிலோ. எக்ஸ்.எல். 89 கிலோ. இரண்டையும் கூட்டுங்கள். மேலே உள்ள பட்டியலில் எந்த ஒரு வண்டியின் எடைக்கு அது சமம்?
2. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. கருவிப் பை 20 கிலோ. மொத்தம் எவ்வளவு?
3. உங்கள் லைசென்சில் உள்ள கடைசித் தேதியை எழுதுங்கள். இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது?

ஆ. சரியா, தவறா?

1. முதுகு வலிக்குச் சின்னச் சக்கரம் நல்லது.
2. விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க வேண்டும்.
3. பழைய புல்லட்டில் பிரேக் இடது காலில் இருந்தது.
4. 55 வயதுக்கு மேல் 5 வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்.

இ. படித்து எழுதுங்கள்

எடை, உயரம், பாதம், முட்டி, பிரேக், படிவம், கையெழுத்து

ஈ. கலந்து பேசுவோம்

1. உங்கள் தெருவில் வயதானவர்கள் எந்த வண்டி ஓட்டுகிறார்கள்? அவர்களுக்கு எது கஷ்டம்? கேட்டு வந்து சொல்லுங்கள்.
2. "இது பொம்பளைங்க வண்டி" என்று பெரியவர் சொன்னார். பிறகு அதே வண்டியை மருமகளிடம் பழகினார். இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?
3. மகன் வண்டியே வேண்டாம் என்றான். தாய் வேறு வண்டி என்றார். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்தால் என்ன சொல்வீர்கள்?